ஒராபி பாஷா: தொப்பிக்கு அப்பால் ஒரு கிளர்ச்சிக்காரர்

ஒராபி பாஷா என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் எமது சமூகத்தில் மிகக் குறைவு. கொழும்பில் அவருடைய பெயரில் ஒரு வீதி இருக்கிறது. கண்டியில் அவர் வாழ்ந்த வீடு இருக்கிறது. ஸாஹிராக் கல்லூரியின் வரலாற்றை எழுத வருபவர்கள் அவரைத் தொடாமல் முதற் பக்கத்தைத் தாண்டுவதில்லை. பழைய குடும்பங்களின் சுவர்ப் படங்களில் எமது பாட்டனார்மார் அணிந்திருக்கும் துருக்கித் தொப்பிக்கும் அவருக்கும் உள்ள தொடர்பை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள்.

ஆனால் அந்த மனிதர் ஏன் இங்கு வந்தார் என்று கேட்டால், பிரித்தானியரை எதிர்த்ததால் நாடு கடத்தப்பட்டார் என்ற ஒற்றை வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எதை எதிர்த்தார், எப்படி எதிர்த்தார், ஏன் தோற்றார் என்ற கேள்விகளுக்கு எம்மில் பலரிடம் பதில் இல்லை. விருந்தாளியாக வந்த ஒரு பெரிய மனிதரைப் போலவே அவரை நினைவில் வைத்திருக்கிறோம். அவர் வந்ததோ கைதியாக.

அஹ்மத் ஒராபி 1841ஆம் ஆண்டு, நைல் கழிமுகத்தின் கிழக்கே ஷர்கிய்யா மாகாணத்தில், ஸகாஸீக் நகருக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில் பிறந்தார். தந்தை அந்தக் கிராமத்தின் ஷெய்க். பெரிய செல்வந்தர் அல்லர். ஊருக்குள் மரியாதையுள்ள விவசாயக் குடும்பம். ஒராபி சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பின்னர் கெய்ரோ சென்று அல்-அஸ்ஹரில் சில ஆண்டுகள் ஓதினார். வேறொரு காலமாக இருந்திருந்தால் ஒரு கிராமத்து ஆலிமாக அவருடைய வாழ்வு முடிந்திருக்கக்கூடும்.

அவரது பாதையை மாற்றியது ஸஈத் பாஷாவின் ஒரு தீர்மானம். அன்றைய எகிப்தில் இராணுவத்தின் உயர் பதவிகள் அனைத்தும் துருக்கியரிடமும் சர்க்கேசியரிடமும் இருந்தன. மண்ணின் மைந்தர்களான பல்லாஹீன் விவசாயிகள் துப்பாக்கி தூக்கலாம், அணைக்கட்டு வெட்டலாம், வரி கட்டலாம். கட்டளை இட முடியாது. ஆட்சியாளராக இருந்த ஸஈத் இந்த வழமையைச் சற்றுத் தளர்த்தி, கிராம ஷெய்க்குகளின் பிள்ளைகளைப் படையில் சேர்த்து அதிகாரிகளாக உயர்த்தினார். 1854இல் படையில் சேர்ந்த ஒராபி, இருபது வயதளவிலேயே லெப்டினன்ட் கேணல் நிலையை எட்டிவிட்டார். ஸஈத் மதீனாவுக்குச் சென்றபோது உடன் சென்றவர்களில் அவரும் ஒருவர்.

1863இல் ஸஈத் மரணமடைந்து இஸ்மாயீல் ஆட்சிக்கு வந்தார். பழைய வழமை திரும்பியது. சர்க்கேசிய ஜெனரல் ஒருவரோடு முரண்பட்ட ஒராபி இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுப் பதவியையும் இழந்தார். பின்னர் மீள எடுக்கப்பட்டாலும் பதவி உயர்வு என்பது கனவாகிப் போனது. 1875, 76ஆம் ஆண்டுகளில் எத்தியோப்பியா மீது இஸ்மாயீல் தொடுத்த போர் படுதோல்வியில் முடிந்தது. அந்தப் போரின் போக்குவரத்துப் பணியில் இருந்த ஒராபி, திறமையற்ற தளபதிகளின் கீழ் விவசாயிகளின் பிள்ளைகள் எப்படி மடிகிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்தார்.

இந்த இடத்தில் சற்று நின்று, எகிப்து எப்படிக் கைமாறியது என்பதைப் பார்க்க வேண்டும். பீரங்கி வருவதற்கு முன்னர் கடன் பத்திரம் வந்தது.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது அங்கிருந்து பருத்தி வருவது நின்றது. இங்கிலாந்தின் ஆலைகளுக்கு எகிப்தின் பருத்தி தேவைப்பட்டது. விலை மலைபோல் ஏறியது. அந்தப் பணம் என்றென்றும் வரும் என்று நம்பி இஸ்மாயீல் கால்வாய், ரயில் பாதை, அரண்மனை, ஒபரா மண்டபம் என்று கட்டித் தள்ளினார். அமெரிக்கப் போர் முடிந்தது, பருத்தி விலை விழுந்தது, கடன் மட்டும் நின்றது. அவர் பதவிக்கு வந்தபோது சில மில்லியன் பவுணாக இருந்த கடன், 1876இல் 90 மில்லியன் பவுணைத் தாண்டியிருந்தது. லண்டனிலும் பரிஸிலும் இருந்த வங்கியாளர்கள் கொடுத்த பணத்தில் தரகும் கழிவும் போக எகிப்தின் கைக்கு வந்தது அதிலும் குறைவு.

1875இல் சூயஸ் கால்வாய்க் கம்பனியில் எகிப்துக்கு இருந்த ஏறக்குறைய 44 சதவீதப் பங்குகளை 4 மில்லியன் பவுணுக்குப் பிரித்தானிய அரசாங்கம் வாங்கியது. அடுத்த ஆண்டு எகிப்தின் வருமானத்தை ஒரு பிரித்தானியரும் ஒரு பிரெஞ்சுக்காரரும் மேற்பார்வை செய்யும் ஏற்பாடு வந்தது. 1878இல் அவ்விரு நாட்டவரும் அமைச்சர்களாகவே அமர்ந்தார்கள். நாட்டின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி கடனுக்கே போனது. செலவைக் குறைக்க 2,500 இராணுவ அதிகாரிகளின் சம்பளம் பாதியாக்கப்பட்டது. இஸ்மாயீல் எதிர்த்து அசைந்தபோது 1879இல் ஐரோப்பியரின் அழுத்தத்தால் சுல்தானே அவரைப் பதவி நீக்கினார். அவருடைய மகன் தவ்பீக் கெதீவ் ஆனார்.

2022இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென்று அறிவித்துவிட்டு, மருந்துக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்ற எமக்கு இந்தக் கதை அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. எகிப்தியருக்கும் அன்று அதே கேள்விதான் எழுந்தது. ஆட்சியாளர் வாங்கிய கடனை உழவன் ஏன் கட்ட வேண்டும்?

ஒராபியின் எழுச்சி ஒரு சாதாரண முறைப்பாட்டில் தொடங்கியது. தவ்பீக்கின் யுத்த அமைச்சராக இருந்த சர்க்கேசியரான உஸ்மான் ரிப்கி, எகிப்திய அதிகாரிகள் மேலெழ முடியாதபடி ஏற்பாடுகள் செய்தார். 1881 ஜனவரியில் ஒராபி, அலி பஹ்மி, அப்துல் ஆல் ஹில்மி என்ற மூன்று கேணல்மார் அவரை நீக்கும்படி அரசாங்கத்திடம் மனுக் கொடுத்தார்கள். பெப்ரவரி 1ஆம் திகதி, ஓர் இளவரசியின் திருமண ஊர்வலம் பற்றிப் பேச வேண்டுமென்று சொல்லி மூவரையும் கஸ்ர் அந்நீல் முகாமுக்கு அழைத்தார்கள். போன கையோடு கைது செய்து விசாரணையில் நிறுத்தினார்கள். ஆனால் மூவரும் இதை எதிர்பார்த்தே தமது படையணிகளிடம் சொல்லிவைத்துச் சென்றிருந்தார்கள். சிப்பாய்கள் முகாமுக்குள் புகுந்து தம் தளபதிகளை மீட்டெடுத்தனர். உஸ்மான் ரிப்கி பதவி இழந்தார். அவரது இடத்துக்கு வந்தவர் மஹ்மூத் ஸாமி அல்-பாரூதி. அவர் ஒரு போர்வீரர். அதைவிடப் பெரிய கவிஞர். நவீன அரபுக் கவிதையின் மறுமலர்ச்சியை அவரிலிருந்தே கணக்கிடுகிறார்கள்.

அன்றிலிருந்து நாடு முழுவதிலுமிருந்து ஒராபியிடம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வரிச்சுமையில் நொந்த கிராமத்தவர்கள், அரசியலமைப்பு வேண்டுமென்ற படித்தவர்கள், அந்நியர் ஆதிக்கத்தை வெறுத்த உலமாக்கள் எல்லோருக்கும் கிராமத்து மொழியில் பேசத் தெரிந்த இந்த உயரமான கேணல் தங்களில் ஒருவராகத் தெரிந்தார். எகிப்து எகிப்தியருக்கே என்ற கோஷம் பரவியது அப்போதுதான்.

1881 செப்டெம்பர் 9ஆம் திகதி ஆபிதீன் அரண்மனைச் சதுக்கத்தில் நடந்தது எகிப்திய வரலாற்றின் மறக்க முடியாத காட்சி. ஒராபி தன் படைகளைப் பீரங்கிகளோடு அங்கு அணிவகுக்கச் செய்தார். கெதீவ் இறங்கி வந்தார். அவருக்குப் பக்கத்தில் நிதி மேற்பார்வையாளரான பிரித்தானியர் ஓக்லன்ட் கொல்வின் நின்றார். அந்த இடத்திலேயே ஒராபியை அடக்கிவிடும்படி அவர் கெதீவைத் தூண்டிக்கொண்டிருந்தார். கெதீவுக்குத் துணிவு வரவில்லை. குதிரையில் வந்த ஒராபி, சொன்னவுடன் கீழே இறங்கி, வாளை உறையிலிட்டு, மூன்று கோரிக்கைகளை வைத்தார். அமைச்சரவை விலக வேண்டும். மக்கள் பிரதிநிதிகள் சபை கூட வேண்டும். படையின் தொகை 18,000ஆக உயர வேண்டும். இந்த நாடு தனக்கு மூதாதையரிடமிருந்து கிடைத்த சொத்து, நீங்கள் எங்கள் தயவில் வாழும் அடிமைகள் என்ற கருத்தில் கெதீவ் பதிலளித்ததாகவும், அல்லாஹ் எங்களைச் சுதந்திரமானவர்களாகவே படைத்தான், இனி எங்களை யாரும் வாரிசுச் சொத்தாகக் கைமாற்ற முடியாது என்று தான் மறுத்ததாகவும் ஒராபி தமது நினைவுக் குறிப்புகளில் பதிந்து வைத்திருக்கிறார். ஒரு துளி இரத்தம் சிந்தாமல் அந்த நாள் முடிந்தது. அமைச்சரவை மாறியது. டிசம்பரில் சபை கூடியது.

புதிய சபை வரவு செலவுத் திட்டத்தின் மீது தனக்கு அதிகாரம் வேண்டுமென்று கேட்டது. பிரித்தானியாவுக்கும் பிரான்ஸுக்கும் இது பொறுக்கவில்லை. எகிப்தியர் தமது பணத்தைத் தாமே எண்ணத் தொடங்கினால் கடன் பத்திரங்களின் கதி என்ன? 1882 ஜனவரியில் இரு நாடுகளும் கெதீவுக்குப் பின்னால் தாம் நிற்பதாகக் கூட்டுக் குறிப்பு அனுப்பின. பதிலுக்கு நாடு ஒராபியின் பின்னால் இன்னும் நெருங்கியது. பெப்ரவரியில் பாரூதி பிரதமரானார், ஒராபி யுத்த அமைச்சரானார்.

அப்போது பிரித்தானியப் பிரதமராக இருந்தவர் கிளாட்ஸ்டன். ஒடுக்கப்பட்ட மக்களின் நண்பர் என்று பெயரெடுத்த லிபரல் தலைவர். அவருடைய சொந்த முதலீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எகிப்தியக் கடன் பத்திரங்களில் இருந்ததைப் பிற்கால ஆய்வாளர்கள் அவருடைய கணக்குகளிலிருந்தே எடுத்துக் காட்டினார்கள். படையெடுப்புக்கு அதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. சூயஸ் கால்வாய் இந்தியாவுக்கான வழி. அதை இழக்க லண்டனில் எந்தக் கட்சியும் விரும்பவில்லை. ஆனாலும் இதைத் தெரிந்துகொண்ட பின் அந்த ஆண்டின் நாடாளுமன்ற உரைகளைப் பழைய கண்ணோடு வாசிக்க முடியாது.

மே மாதம் இரு நாட்டுப் போர்க்கப்பல்களும் அலெக்சாந்திரியாவின் முன் வந்து நின்றன. ஜூன் 11ஆம் திகதி மோல்டாக்காரர் ஒருவருக்கும் எகிப்தியர் ஒருவருக்கும் இடையில் எழுந்த சண்டை கலவரமாகி ஐரோப்பியர்களும் அதைவிட அதிகமான எகிப்தியர்களும் கொல்லப்பட்டனர். கலவரத்தை ஒராபி தூண்டினார் என்று லண்டன் பத்திரிகைகள் எழுதின. அதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. நகரில் ஒழுங்கை நிலைநாட்டியதும் அவருடைய படைகளே. கடற்கரைக் கோட்டைகளைப் பலப்படுத்துவதைக் காரணம் காட்டி அட்மிரல் சீமோர் இறுதி எச்சரிக்கை விடுத்தார். பிரான்ஸ் தனது கப்பல்களை விலக்கிக்கொண்டது. ஜூலை 11 காலை ஏழு மணிக்கு ஆரம்பித்த பீரங்கித் தாக்குதல் மாலை வரை ஓயவில்லை. இதைப் பொறுக்காமல் கிளாட்ஸ்டனின் அமைச்சரவையிலிருந்து ஜோன் பிரைட் என்ற ஒருவர் மட்டும் விலகினார். அந்த ஒருவரையும் சொல்லத்தான் வேண்டும்.

நகரம் எரிந்தது. கெதீவ் தவ்பீக் தன் நகரைச் சுட்டவர்களிடமே அடைக்கலம் புகுந்து, ஒராபியைக் கலகக்காரர் என அறிவித்தார். கெய்ரோவில் கூடிய பேரவையோ கெதீவின் ஆணைகள் செல்லாது என்றும் ஒராபி பாதுகாப்புப் பணியில் தொடர வேண்டும் என்றும் முடிவெடுத்தது. அதில் அல்-அஸ்ஹரின் உலமாக்களோடு கொப்திக் கிறிஸ்தவ மதத் தலைவரும் யூதர்களின் ரப்பியும் இருந்தார்கள். பிற்காலத்தில் எகிப்தின் முப்தியான முஹம்மத் அப்துஹு அந்நாட்களில் ஒராபியின் அணியில் எழுதிக்கொண்டும் சத்தியப் பிரமாணங்கள் செய்வித்துக்கொண்டும் இருந்தார். இதை ஒரு சில இராணுவத்தினரின் கலகமாகவோ மதவெறியாகவோ காட்டிய அன்றைய பத்திரிகைகளின் வாசகத்தை நாமும் அறியாமல் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

போர்க்களத்தில் ஒராபியின் குறைகள் தெரிந்தன. நல்ல மனம், உறுதியான பேச்சு, தொழுகையில் பேணுதல் எல்லாம் இருந்தன. பெரும் படையை நடத்திய அனுபவம் இல்லை. அலெக்சாந்திரியாவிலிருந்து கெய்ரோ வரும் வழியைக் கப்ர் அத்தவ்வாரில் அவர் நன்றாக அடைத்தார். பிரித்தானியரால் அங்கு முன்னேற முடியவில்லை. ஆனால் பின்கதவு திறந்திருந்தது. சூயஸ் கால்வாயை அடைத்துவிடும்படி அதிகாரிகள் அவரை வற்புறுத்தினார்கள். கால்வாயைக் கட்டிய பிரெஞ்சுக்காரர் லெசெப்ஸோ, கால்வாய் நடுநிலையானது, பிரித்தானியர் அதனூடாக வரமாட்டார்கள் என்று உறுதி கொடுத்துக்கொண்டிருந்தார். ஒராபி அந்தச் சொல்லை நம்பித் தாமதித்தார். அடைக்கத் தீர்மானித்தபோது காலம் கடந்துவிட்டது. ஓகஸ்ட் 20ஆம் திகதி ஜெனரல் வுல்ஸ்லியின் படைகள் கால்வாயைக் கைப்பற்றி இஸ்மாயிலிய்யாவில் இறங்கின. சர்வதேச உறுதிமொழியை எழுத்துப்படி நம்பிய ஒரு தளபதியின் வெகுளித்தனத்துக்கு ஒரு நாடு கொடுத்த விலை அது.

உள்ளிருந்தும் சுவர் இடிந்தது. பாலைவனக் கோத்திரங்களை வாங்குவதற்காகத் தங்கத்தோடு அனுப்பப்பட்ட கேம்பிரிட்ஜின் அரபுப் பேராசிரியர் பாமர் சினாயில் கொல்லப்பட்டார் என்றாலும், பணம் வேறு வழிகளில் போய்ச் சேர்ந்தது. பிரதிநிதிகள் சபையின் தலைவராக இருந்து நேற்றுவரை ஒராபியைப் புகழ்ந்த பெரும் நிலச்சுவான்தார் சுல்தான் பாஷா, கெதீவின் பக்கம் சாய்ந்து பிரித்தானியருக்காக வேலை செய்தார். செப்டெம்பர் தொடக்கத்தில் இஸ்தான்பூலிலிருந்து இறுதி அடி விழுந்தது. சுல்தான் அப்துல் ஹமீத், கலீபா என்ற தகுதியுடன், ஒராபியைக் கிளர்ச்சியாளர் எனப் பிரகடனம் செய்தார். கலீபாவுக்காகவும் மார்க்கத்துக்காகவும் போராடுவதாக நம்பியிருந்த சிப்பாய்களின் மனதில் அது என்ன செய்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

செப்டெம்பர் 12ஆம் திகதி இரவு நட்சத்திரங்களை வழிகாட்டியாகக் கொண்டு பிரித்தானியப் படை பாலைவனத்தில் ஓசையின்றி நடந்தது. 13ஆம் திகதி விடியற்காலை தெல் அல்-கபீரின் அகழிகள் மீது பாய்ந்தது. அங்கிருந்தவர்களில் பெரும்பகுதியினர் வயலிலிருந்து அப்போதுதான் அழைத்துவரப்பட்ட, பயிற்சியற்ற விவசாயிகள். சூடான் படையணிகள் கடைசிவரை நின்று போராடின. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. பிரித்தானியத் தரப்பில் கொல்லப்பட்டோர் 57 பேர். எகிப்தியர் ஏறக்குறைய 2,000 பேர். அன்றே ஸகாஸீக்கை, ஒராபி பிறந்த மண்ணின் அந்தச் சந்தை நகரை, இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட படை கைப்பற்றியது. அந்தப் படையில் முஸ்லிம் சிப்பாய்களும் இருந்தார்கள். ஏகாதிபத்தியம் எப்படி இயங்கியது என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் மாலை கெய்ரோ வீழ்ந்தது. மேலும் இரத்தம் சிந்துவதில் பயனில்லை என்று கண்ட ஒராபி வாளை ஒப்படைத்தார். கெதீவ் அவரைத் தூக்கிலிட விரும்பினார். எகிப்தில் பழகி ஒராபியை அறிந்திருந்த ஆங்கிலேயக் கவிஞர் வில்ப்ரட் ப்ளன்ட் லண்டனில் ஆதரவு திரட்டி வழக்கறிஞர்களை அனுப்பியதால் வழக்கு வெளிச்சத்துக்கு வந்தது. கடைசியில் சமரசம். டிசம்பர் 3ஆம் திகதி ஒராபி கிளர்ச்சிக் குற்றத்தை ஏற்றார். மரண தண்டனை வாசிக்கப்பட்டு அங்கேயே ஆயுட்கால நாடு கடத்தலாக மாற்றப்பட்டது. பதவிகளும் பாஷா பட்டமும் பறிக்கப்பட்டன. காணிகள் பறிமுதலாயின. தற்காலிகமாக வந்ததாகச் சொன்ன பிரித்தானியப் படைகளின் கடைசிச் சிப்பாய் எகிப்தை விட்டு வெளியேறியது 1956இல்.

ஒராபி, பாரூதி, அலி பஹ்மி, அப்துல் ஆல் ஹில்மி, மஹ்மூத் பஹ்மி, துல்பா இஸ்மத், யஃகூப் ஸாமி ஆகிய ஏழு பேரும் குடும்பத்தவரோடும் பணியாளர்களோடும் மரியோட்டிஸ் என்ற கப்பலில் ஏற்றப்பட்டு 1883 ஜனவரியில் கொழும்புத் துறைமுகத்தில் இறக்கப்பட்டார்கள். அரபிகளின் நாவில் இது ஸரந்தீப், ஆதம் நபி இறங்கிய மலை உள்ள தீவு. கரையில் எமது மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு நின்றார்கள். கெய்ரோவில் பறிக்கப்பட்ட பாஷா பட்டத்தை இங்கு யாரும் பறிக்கவில்லை. இன்றுவரை அந்தப் பெயரிலேயே அழைக்கிறோம்.

அவர்கள் வருவதற்குச் சில வாரங்கள் முன்னர்தான், 1882 டிசம்பரில், அறிஞர் சித்திலெப்பை கண்டியில் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். அன்றைய எமது நிலையை எல்லோரும் அறிவோம். மிஷனரிப் பாடசாலைக்குப் போனால் பிள்ளை ஈமானை இழந்துவிடும் என்று பெற்றோர் அஞ்சினார்கள். அந்த அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. விளைவு, வியாபாரம் தெரிந்த, ஆனால் நீதிமன்றத்திலும் கச்சேரியிலும் தமக்காகப் பேச ஆளில்லாத ஒரு சமூகம். நவீனக் கல்வியைக் கற்கலாம், மார்க்கத்தையும் காக்கலாம் என்று சித்திலெப்பை தனியாகச் சொன்னபோது சந்தேகத்தோடு பார்த்தவர்கள், அல்-அஸ்ஹரில் ஓதிய, காபிர்களோடு போர் செய்த ஒரு பாஷா அதையே சொன்னபோது காது கொடுத்தார்கள். ஒராபியின் பங்கு இதுதான். அவர் பாடத்திட்டம் எழுதவில்லை, பணம் கொட்டவில்லை. அவரிடம் கொட்டப் பணமும் இல்லை. அவருடைய பெயரின் பாரத்தைச் சித்திலெப்பையின் தராசுத் தட்டில் வைத்தார்.

முன்னைய முயற்சிகள் நிலைக்காமல் போன பின்னர், 1892 ஓகஸ்டில் மருதானையில் அல்-மத்ரஸதுல் கைரிய்யதுல் இஸ்லாமிய்யா ஆரம்பமானபோது ஒராபி அதன் போஷகராக இருந்தார். கட்டடக் கலைஞரும் கொடையாளருமான வாப்பிச்சி மரைக்கார் அதன் தூணாக நின்றார். கொழும்பு நூதனசாலையைக் கட்டிய அதே வாப்பிச்சி மரைக்கார்தான். அந்தச் சிறிய மத்ரஸாவே பின்னர் ஸாஹிராவாக வளர்ந்தது.

தானும் இங்கு வந்த பிறகு ஒராபி ஆங்கிலம் கற்றார் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. நாற்பதைக் கடந்த ஒரு போர்த் தளபதி, தன்னைத் தோற்கடித்தவர்களின் மொழியை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

நாடு கடத்தப்பட்ட வாழ்வு பூமாலைகளால் ஆனதல்ல. நாட்கள் நீண்டு, உதவிப்பணம் போதாமல், எழுவருக்குள்ளும் மனக்கசப்புகள் வளர்ந்தன. தோல்விக்கு யார் காரணம் என்ற கேள்வி ஒரே தீவில் அடைபட்ட மனிதர்களிடையே எப்படி ஓயும்? பாரூதியின் மனைவி எகிப்தில் மரணித்தார். ஜனாஸாவைக் கூடக் காண முடியாத அந்தக் கவிஞர் இங்கிருந்தே இரங்கற்பா எழுதினார். அப்துல் ஆல் ஹில்மி 1891இல் கொழும்பில் காலமானார். 1892இல் ஒராபி கண்டிக்கு இடம்பெயர்ந்தார். 1894இல் மஹ்மூத் பஹ்மியும் 1900இல் யஃகூப் ஸாமியும் மரணமடைந்தனர். பார்வையை ஏறக்குறைய இழந்த நிலையில் பாரூதி 1899இல் நாடு திரும்ப அனுமதி பெற்றார். ஒவ்வொரு பிரிவின் பின்னும் கண்டி வீட்டில் ஒராபியின் வட்டம் சிறுத்துக்கொண்டே வந்தது.

1901இல் பிரித்தானிய இளவரசர், பின்னாளின் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர், கண்டிக்கு வந்தார். ஒராபியும் அவரைச் சந்தித்தார். அதே ஆண்டில் கெதீவ் இரண்டாம் அப்பாஸ் மன்னிப்பு வழங்க, பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஒராபி கொழும்பிலிருந்து கப்பலேறினார். வந்தபோது நின்றது போலவே போகும்போதும் எமது மக்கள் துறைமுகத்தில் நின்றார்கள்.

சூயஸில் அவரை வரவேற்றது வேறொரு எகிப்து. முஸ்தபா காமிலின் தலைமையில் புதிய தலைமுறை தேசியவாதிகள் எழுந்திருந்தார்கள். அவர்களுடைய பார்வையில் பிரித்தானிய ஆக்கிரமிப்பைக் கொண்டுவந்ததே ஒராபியின் கிளர்ச்சிதான். திரும்பி வந்தவர் பிரித்தானியர் செய்த சில சீர்திருத்தங்களைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னது எரியும் தீயில் எண்ணெய் வார்த்தது போலாயிற்று. கவிஞர் அஹ்மத் ஷவ்கி அவரை எள்ளிக் கவிதை பாடினார். ஷவ்கி வளர்ந்தது கெதீவின் அரண்மனை நிழலில் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். முதுமையில் சலித்துப்போன ஒருவரின் தளர்வு அந்த நல்ல வார்த்தையில் இருந்திருக்கலாம். எனக்கு அதில் பெருமைப்பட ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பீரங்கிகளின் முன் நின்ற ஒருவரை, அந்தப் பீரங்கிகளை ஒருபோதும் சந்திக்காத தலைமுறை கோழை என்று ஏசியது நீதியாகவும் படவில்லை.

பறிமுதலான காணிகளை மீளக் கேட்டு அவர் கொடுத்த மனுக்கள் பலிக்கவில்லை. தன் தரப்பு நியாயத்தை எழுதி வைப்பதில் எஞ்சிய காலத்தைச் செலவிட்டார். 1911 செப்டெம்பர் 21ஆம் திகதி கெய்ரோவில், அதிகம் பேர் கவனிக்காமலேயே காலமானார். 1952இல் மன்னராட்சியைக் கவிழ்த்த இளம் அதிகாரிகள்தான் அவரைத் தமது முன்னோடியாக மீண்டும் தூக்கி நிறுத்தினார்கள். ஆபிதீன் சதுக்கத்தில் அவர் நின்ற செப்டெம்பர் 9, இன்று ஷர்கிய்யா மாகாணத்தின் தினம்.

இங்கு 1905இல், அவர் போய் நான்கு ஆண்டுகளின் பின், துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் தோன்றக் கூடாது என்று சட்டத்தரணி எம். ஸீ. அப்துல் காதர் தடுக்கப்பட்டபோது முஸ்லிம்கள் நாடெங்கும் கிளர்ந்தெழுந்து மருதானைப் பள்ளிவாசலில் பெருங்கூட்டம் நடத்தினார்கள். அந்தத் தொப்பியை இங்கு மதிப்புக்குரியதாக்கியவர்களில் ஒராபியும் அவருடைய தோழர்களும் முதன்மையானவர்கள். 1983இல், அவர் இந்தத் தீவில் இறங்கி நூறாண்டு நிறைவெய்தியபோது, கண்டி ஹல்லொலுவ வீதியில் அவர் வாழ்ந்த வீடு கலாசார நிலையமாகத் திறக்கப்பட்டது. எகிப்தில் இன்னொரு கதை வழங்குகிறது. அங்கே கோடையில் சந்தைக்கு வரும் மாம்பழங்களில் சில வகைகள், கேணல் ஒராபி இலங்கையிலிருந்து கொண்டுவந்த கன்றுகளின் வழிவந்தவை என்பார்கள்.